ஐந்து முறை அலைந்தும் சரியாகாத கிடார் ஆம்ப்: நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ‘உங்கள் புகார் பதிவாகியுள்ளது’ என்று ஒரே பதில். சரி, பதிவானது தெரிகிறது. படித்தது யார்?

உங்கள் 50 வாட் ஆம்பை (கிடார் ஒலிபெருக்கிப் பெட்டி) 38,500 ரூபாய்க்கு வாங்கினேன். நாற்பதே நாளில் கோளாறு. இருபது நிமிடம் ஓடினால் கிடார் சத்தம் அடங்கி, வெறும் ‘உர்ர்’ மட்டும் நிற்கிறது. பின்பக்கத் தகட்டைத் தொட்டால் தோசைக்கல். அந்த மாடலில் எது கெடும் என்று உங்களுக்கே தெரியும், நான் விளக்கவில்லை.

நவம்பர் 24, எய்ட்ஸால் இறந்த ‘குயின்’ ராக் இசைக்குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் நினைவு நாள். அன்று வேலூரில், எச்.ஐ.வி. பாதித்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக நினைவுக் கச்சேரி. நான் லீட் கிடார். இந்தத் தேதியை முதல் நாளே உங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.

ராணிப்பேட்டை டீலர் சென்னைக்குக் கை காட்டினார். காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, 20 கிலோ பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். சர்வீஸ் சென்டரில், “இன்னைக்கு ஸ்டாக் எடுக்கிறோம், நாளைக்கு வாங்க” என்றார் கவுன்டர்காரர். வேலூரிலிருந்து வருகிறேன் என்றேன். கச்சேரியைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: “காசு வராத கச்சேரிதானே சார், மைக்கை வெச்சு ஓட்டிடுங்க.”

காசு வராத கச்சேரியா? 1992 ஏப்ரல் 20 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அதே ஃப்ரெடிக்காக நடந்த நினைவுக் கச்சேரிக்கு 72,000 பேர் வந்தார்கள். அந்தப் பணத்தில்தான் எய்ட்ஸ் ஒழிப்புக்கான மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளையே தொடங்கியது. 1986இல் சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளில், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தென்பட்டது எங்கள் ஊர் சி.எம்.சி. ஆய்வகத்தில். அந்த ஊர்க்காரனிடம் மைக்கை வைத்து ஓட்டச் சொல்கிறார்! ஃப்ரெடியின் குழுவில் கிடார் வாசித்த பிரையன் மே, தன் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்தில் செய்த கிடாரை இன்னும் வாசிக்கிறார். உங்கள் தயாரிப்பு நாற்பது நாள்.

சொல்ல விட்டுப்போனது: இதற்கு முன் ஒரு தடவை வாரன்டி அட்டையில் டீலர் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். முத்திரை வைக்காதது உங்கள் டீலர். அப்புறம் அந்த ஸ்டாக் நாளுக்கு மறுநாளும் போனேன், பெட்டியை வாங்கி வைத்தீர்கள், இன்று வரை திரும்பவில்லை.

கச்சேரிக்குப் போனேன். மேடையில் நிற்க வேண்டியவன் மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், கிடார் பையை மடியில் வைத்துக்கொண்டு. என் சோலோவைக் கீபோர்டில் வாசித்துச் சமாளித்தார்கள். பக்கத்தில் இருந்த சிறுவன், “அண்ணா, நீங்க எப்போ போவீங்க?” என்று இரண்டு தடவை கேட்டான். என் இசை வாழ்க்கையே அன்று முடிந்தது என்றுகூடச் சொல்வேன்.

தயவுசெய்து 15 நாளுக்குள் புது ஆம்ப் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கு 2 லட்சம் கேட்பேன். அந்தக் கவுன்டர்காரரும் வேலூருக்கு வரவேண்டியிருக்கும். காலையில் ஏலகிரி கிடையாது, எதிர்த்திசையில் ஓடும். வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பில், வாரன்டி அட்டை, ஐந்து பயணத்தின் டிக்கெட் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடி வாடிக்கையாளர்