புல் ஓடுதளத்தை உழுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறு விமானங்கள் வந்திறங்கிய புல் ஓடுதளம் மூடப்பட்டால், மறு பருவத்திலேயே உழுது விதைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே புல் தழைத்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓயாமல் வெட்டப்படும் புல்லின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் உருளை ஓட்டியதில் அதற்குக் கீழே மண் இறுகிக் கிடக்கும்.

அந்த இறுக்கம் எங்கும் ஒரே அளவாக இருக்காது. சக்கரம் தரைதொடும் இரு முனைகள், விமானம் திரும்பும் இடம், நிறுத்துமிடம், எரிபொருள் வண்டி போய்வந்த தடம் ஆகியவைதான் மிகவும் கெட்டிப்பட்டிருக்கும். நல்ல மழைக்கு ஓரிரு நாள் கழித்து இரும்புக் கம்பியால் குத்திக்கொண்டே நடந்தால் கைக்கே தெரியும்: சில அங்குலம் இலகுவாக இறங்கும், சட்டென்று முட்டும், கெட்டி அடுக்கைத் தாண்டியதும் மறுபடி இளகும். முட்டும் ஆழத்தையும் இளகும் ஆழத்தையும் இடவாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மண்ணில் குத்தி அதன் எதிர்ப்பை அளக்கும் கருவியான ஊடுருவல்மானி 2 மெகாபாஸ்கலுக்கு (அழுத்த அலகு) மேல் காட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் அங்கே திணறும்.

கெட்டி அடுக்கின் அடிமட்டத்துக்கு 5 செ.மீ. கீழே உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழத்தில் தளர்த்தும் கலப்பை) போனால் போதும். அதைவிட ஆழம் டீசலுக்குத்தான் கேடு. அந்த ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். திரியாக நீண்டால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் உழலாம். ஈரத்தில் இறக்கினால் கொழு மண்ணை உடைக்காது, கீறிப் பக்கங்களை மெழுகிவிட்டுப் போய்விடும். தளர்த்திய மண் எளிதில் மறுபடி இறுகும் என்பதால், அதன்மேல் கனரக வண்டி ஏறாமல் பார்த்துக்கொண்டு, ஆழ வேர்விடும் பசுந்தாள் பயிரை உடனே விதைப்பது நல்லது.

கலப்பையை இறக்கும் முன் வடிகால் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓடுதளத்தின் அடியில் நீரை வடிக்கும் துளைக்குழாய்கள் இருந்து அவை உடைந்தால், அதுவரை நீர் தேங்காத இடத்திலும் தேங்கும். விமானங்களைக் கட்டிவைக்கும் வளையம் பதித்த கான்கிரீட் கட்டைகள், விளக்குக் கம்பிகள், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையின் கம்ப அடித்தளம் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

எரிபொருள் நிரப்பிய இடத்தைத் தனியாகவே நடத்த வேண்டும். பிஸ்டன் என்ஜின் கொண்ட சிறு விமானங்களுக்கான, ஈயம் கலந்த 100எல்எல் என்ற பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எண்ணெய் காலப்போக்கில் சிதையும்; ஈயம் சிதையாது, மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். முழு வயலின் மண்ணையும் கலந்து ஒற்றை மண் மாதிரியாகச் சோதனைக்கு அனுப்பினால் இது மறைந்துவிடும். அந்த இடத்தின் மேல் 5 செ.மீ. மண்ணைத் தனிப் பையில் அனுப்புங்கள். முடிவு வரும்வரை அங்கே கீரையோ கிழங்கோ வேண்டாம்.

பழைய புல்தரையில் கம்பிப்புழுவும் (ஒருவகை வண்டின் இளம்புழு) இருக்கலாம். அது மண்ணுக்குள் சில ஆண்டுகள் வாழக்கூடியது. புல் போனதும் அடுத்த பயிரின் நாற்றைத் தின்னும். முதலிரு ஆண்டுகளுக்கு மக்காச்சோளம், உருளைக்கிழங்கு இரண்டையும் தவிர்க்கலாம்.

விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு மூடலை முறையாகத் தெரிவித்து, வரைபடங்களிலிருந்தும் ஓடுதளத்தை நீக்கச் செய்ய வேண்டும். உழவு தொடங்கும்வரை இரு முனைகளிலும் பெரிய வெள்ளைப் பெருக்கல் குறி இருக்கட்டும். காற்றுப்பையை முதலிலேயே இறக்கிவிடுங்கள். அது பறந்துகொண்டிருந்தால், வழிதவறி வரும் விமானி ஓடுதளம் இன்னும் இயங்குகிறது என்றே எண்ணுவார்.