இந்தச் சனிக்கிழமை வெட்டாதே

கண்ணா,

நீ அனுப்பிய போட்டோக்களை நேற்று ராத்திரி ஒன்றுவிடாமல் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்பா ரெண்டு தடவை கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. வீடு நன்றாக இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் பேசலாம். எனக்குக் கவலை எல்லாம் கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். "தோட்டம் காடு மாதிரி கிடக்கிறது, இந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை வேண்டாம். அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். போனில் சொன்னாலும் பாதிதான் உன் காதில் ஏறும். எழுதி வைத்தால் கையில் கத்தரியோடு நிற்கும்போதாவது எடுத்துப் பார்ப்பாய்.

குளிர்காலம்தான் கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டிச் சீர்படுத்துவதற்கு, ஏற்ற காலம் என்று எங்கோ படித்தேன் என்றாய். பொய் இல்லை. இலை கொட்டினபின் மரத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரியும், எந்தக் கிளை எதோடு உரசுகிறது என்று கோடையில் பார்க்கவே முடியாது. சத்தையெல்லாம் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொண்டு மரம் உறங்குகிற நேரம் அது, பூச்சியும் பூஞ்சையும்கூட மந்தமாக இருக்கும். ஆனால் நீ இருக்கிற இடத்தில் இப்போதுதான் இலையே கொட்டி முடிந்திருக்கிறது, கடுங்குளிர் இனிமேல்தான். இப்போது வெட்டினால் அந்தக் காயம் மாசக்கணக்கில் திறந்தே கிடக்கும், கடும் உறைபனியில் வெட்டின இடத்து ஓரம் காய்ந்து கிளை நுனியிலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டு வரும். கடுங்குளிர் ஒடிந்து, மொட்டு பருக்க ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சில வாரம் கிடைக்கும் பார், அதுதான் நேரம். வெட்டிய கையோடு வசந்தம் வரும், மரம் உடனே விளிம்பிலிருந்து காயத்தை மூட ஆரம்பித்துவிடும். அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிரு. காலையில் ஜன்னல் வழியாக ஒரு பக்கம், சாயந்தரம் வேலியோரம் நின்று ஒரு பக்கம்.

கை சும்மா இருக்காது என்றால் செத்த கிளையை மட்டும் எடு, அதற்குக் காலம் நேரம் பார்க்க வேண்டாம். செத்ததா என்று தெரிய நகத்தால் பட்டையைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக உலர்ந்திருந்தால் இல்லை. நுனியில் செத்திருந்தாலும் அடியில் உயிர் இருக்கும், அதனால் நுனியிலிருந்து கீழே கீறிக்கொண்டே வா.

இப்போது முக்கியமான விஷயம். வேலியோரம் ஆளுயரத்துக்கு மேல் குச்சி குச்சியாக நிற்கிறதே, "அந்தப் புதரை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடலாம்" என்றாயே, அது லைலாக். ஒவ்வொரு குச்சி நுனியிலும் ரெண்டு ரெண்டு பருத்த மொட்டு ஜோடியாக உட்கார்ந்திருப்பது உன் போட்டோவிலேயே தெரிகிறது. அந்த மொட்டுக்குள்ளேதான் வரப்போகிற பூங்கொத்து இருக்கிறது, போன கோடையிலேயே செடி அதைச் செய்து மூடி வைத்துவிட்டது. நீ சனிக்கிழமை வெட்டினால் செடிக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகவே துளிர்க்கும், ஆனால் வசந்தத்தில் வெறும் இலைதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. சரி, சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டுக்குப் போன முதல் குளிர்காலம், நீ வயிற்றில் இருந்தாய், எனக்கு வீட்டையும் தோட்டத்தையும் ஒழுங்குபடுத்தியே தீரவேண்டும் என்று ஒரு வெறி. வாசலில் இருந்த ரெண்டு லைலாக்கையும் சுற்றி வந்து பந்து மாதிரி அழகாக வெட்டிவிட்டு நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். வசந்தத்தில் தெரு முழுக்க வாசனை, நம் வாசலில் மட்டும் ரெண்டு பச்சைப் பந்து. பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "குளிர்காலத்தில் வெட்டினாயா?" என்று ஒரே கேள்வி. பூ முடிந்த கையோடுதான் வெட்ட வேண்டும், மறுபடி மொட்டு வைக்க அதற்கு ஒரு கோடை முழுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

லைலாக் மட்டும் இல்லை. ஃபோர்சித்தியா, அசேலியா, ரோடோடெண்ட்ரான், மக்னோலியா, வசந்தத்தில் முதலில் பூக்கிற எல்லாமே போன வருடம் வளர்ந்த குச்சியில் பூக்கிறவை. கோடையின் நடுவிலோ கடைசியிலோ பூக்கிறவை வேறு ஜாதி, அவை அந்த வருடம் புதிதாக வருகிற தளிரில் பூக்கும், அதனால் குளிர்காலக் கடைசியில் தாராளமாகக் குறைக்கலாம். பட்லியாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் கோடைக்குள் உன் தலைக்கு மேல் போய்விடும். ரோஜாவில் இப்போது பெரும்பாலும் விற்பது கோடை முழுக்க மறுபடி மறுபடி பூக்கிற ரகம்தான், அதையும் அப்போதே வெட்டலாம். வருடத்தில் ஒரே தடவை பூக்கிற பழைய ரோஜா இருந்தால் அதை லைலாக் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஹைட்ரேஞ்சியாதான் எல்லாரையும் குழப்பும். காய்ந்த பூத்தலை கூம்பு மாதிரி இருந்தால் பெரும்பாலும் புதுத் தளிர்க்காரன், வெட்டு. நீலமோ இளஞ்சிவப்போ பந்து பந்தாகப் பூக்கிறது என்றால் பழைய குச்சியில் மொட்டு வைத்திருக்கிறது, அந்தக் காய்ந்த தலைகூடக் கீழே இருக்கிற மொட்டைப் பனியிலிருந்து கொஞ்சம் காக்கும், வசந்தம் வரை விட்டுவிடு. வெள்ளைப் பந்தாகப் பூக்கிற இன்னொரு ரகம் இருக்கிறது, அது புதுத் தளிரில் பூக்கும். உனக்கு எது என்று தெரியாவிட்டால் ஒரு வருடம் தொடாதே. தோட்டம் உன்னோடுதான் இருக்கப்போகிறது, எங்கேயும் ஓடாது.

அப்புறம் அந்த ஆப்பிள். போட்டோவில் பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. பத்து வருடமாக யாரும் தொடாத மரம், பாதி கிளை உள்நோக்கிப் போகிறது, உச்சியில் சாட்டை மாதிரி நேராகக் குச்சிகள். இதை ஒரே நாளில் சரிபண்ணலாம் என்று மட்டும் நினைக்காதே, மூன்று குளிர்கால வேலை. ஒரு வருடத்தில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஏன் என்றால் மேலே வெட்டினாலும் கீழே வேர் அதே அளவுதான், அதில் சேர்ந்திருக்கிற சத்தும் அதேதான். அவ்வளவையும் மிச்சமிருக்கிற கொஞ்சக் கிளைக்குள் தள்ளினால் நீர்ப்போத்து, அதாவது நேராக மேலே ஓடுகிற குச்சிகள், கிளம்பும். நீ பார்க்கிற அந்தச் சாட்டைக் குச்சிகளே எப்போதோ யாரோ தலையை மொட்டையடித்ததற்கு மரம் சொன்ன பதில்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் செத்தது, நோய்பட்டது, ஒடிந்தது. பிறகு ஒன்றோடொன்று உரசுகிற ரெண்டில் மோசமானது. பிறகு நடுவை நோக்கிப் போகிறவை. இவ்வளவில் பெரும்பாலும் கால்பங்கு வந்துவிடும், நிறுத்திக்கொள். ஒவ்வொரு பெரிய வெட்டுக்கும் அப்புறம் கீழே இறங்கிப் பத்தடி தள்ளிப் போய் நின்று பார், மரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வெட்டினால் அளவு தெரியாது. கிளையைத் தொட்டுப் பார்த்தால் ரெண்டு வித மொட்டு இருக்கும். உருண்டு திரண்டு மேலே மெல்லிய ரோமத்தோடு இருப்பது பூ மொட்டு, ஒல்லியாகக் குச்சியோடு ஒட்டிக்கொண்டிருப்பது இலை மொட்டு. ஆப்பிளில் பூ மொட்டு பெரும்பாலும் ரெண்டு வருடத்துக்கு மேலான கிளையில், குட்டைக் குட்டையான முண்டுகளில்தான் இருக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த முண்டுகளைச் சீவித் தள்ளிவிடாதே, காய் அதில்தான்.

குச்சியைக் குறைக்கும்போது வெளிப்பக்கம் பார்த்திருக்கிற மொட்டுக்குச் சற்று மேலே, அரை சென்டிமீட்டர் விட்டு, தண்ணீர் மொட்டுமேல் வழியாத மாதிரி சாய்வாக வெட்டு. நுனி மொட்டு இருக்கிறவரை அது பக்க மொட்டுகளை அடக்கியே வைத்திருக்கும், நுனியை எடுத்ததும் வெட்டுக்கு அடியில் இருக்கிற மொட்டுதான் தலையெடுக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக் கிளை.

பெரிய கிளை என்றால் கதை வேறு, இதில் அப்பா பண்ணின தப்பைச் சொல்லியே ஆகவேண்டும் (படித்துவிட்டு அவரிடம் சிரிக்காதே). பழைய வீட்டுப் பேரி மரத்தில் தொடை கனத்துக்கு ஒரு கிளையை அடிமரத்தோடு மழமழ என்று அறுத்து, அதன்மேல் கறுப்பு மருந்துச் சாயம் வேறு பூசினார். அந்தக் காலத்துப் புத்தகம் எல்லாம் அப்படித்தான் சொல்லும். எட்டு வருடத்தில் அந்த இடம் உளுத்துக் கையை விட்டால் முழங்கை வரை போனது, நீ அதில் கோலிக்குண்டு ஒளித்து வைத்தாயே, அந்தப் பொந்துதான். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பிளந்து பார்த்து, நம் தோல் ஆறுகிற மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை, கெட்ட பாகத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பிப் பூட்டிவிடும் என்று காட்டினார். அவர் 1977இல் எழுதியதெல்லாம் அப்பா ரம்பத்தை எடுத்தபோதே அச்சில் இருந்தது, நம் வீட்டுக்குத்தான் வந்து சேரவில்லை. கிளை அடிமரத்தோடு சேர்கிற இடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டை மாதிரி கொஞ்சம் வீங்கி ஒரு மடிப்பு இருக்கும். காயத்தை மூடுவது அந்தப் பாகம்தான். அதை வெட்டாமல் அதற்கு ஒட்டி வெளியே அறு. தள்ளி அறுத்து முளை மாதிரி விட்டாலும் தப்பு, அந்த முளை செத்து அழுகல் அதன் வழியாக உள்ளே போகும். மேலே எதுவும் பூசாதே, ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிறதுதான் மிச்சம்.

கனமான கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் பாதியில் அதன் பாரத்துக்கே ஒடிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கிளை விழுந்துவிடும். பிறகு மிச்சமிருக்கிற கட்டையைக் கழுத்துப்பட்டைக்கு வெளியே நிதானமாக.

ஷெட்டுக்குப் பின்னால் பளபளவென்று பழுப்புப் பட்டையில் குறுக்குக் கோடு போட்டிருக்கிறதே, அது செர்ரி. செர்ரி, பிளம் ரெண்டையும் குளிர்காலத்தில் தொடாதே. ஈரக் குளிரில் வெள்ளி இலை நோய்ப் பூஞ்சையின் வித்து காற்றில் அலையும், புது வெட்டு கிடைத்தால் உள்ளே போய்விடும். காய் பறித்த பிறகு உலர்ந்த வெயில் நாளில் பார்த்துக்கொள். மேப்பிளைக் குளிர்காலக் கடைசியில் வெட்டினால் குழாய் திறந்த மாதிரி சாறு ஒழுகும். அதனால் மரம் செத்துவிடாது, நீதான் பயந்து எனக்கு நடுராத்திரி போன் பண்ணுவாய். ஊசியிலைச் செடிகளில் பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலானவை மறுபடி துளிர்க்காது. லாவெண்டரும் அப்படித்தான்.

கத்தரி வாங்கும்போது ரெண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகிற மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்கு, பலகைமேல் கத்தி இறங்குகிற மாதிரி இருப்பது உயிருள்ள கிளையை நசுக்கும். விரல் கனத்துக்கு மேல் கத்தரியால் திருகாதே, நீண்ட கைப்பிடிக் கத்தரியோ மடக்கு ரம்பமோ எடு. நோய்பட்ட கிளையை வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போகுமுன் அலகை எழுபது சதவீத ஆல்கஹாலில் துடை.

வாசலில் மின்கம்பிக்கு மேலே சாய்ந்திருக்கும் அந்தப் பெரிய கிளை உன் வேலை இல்லை. ஏணிமேல் நின்று சங்கிலி ரம்பம் பிடிக்கிற வேலையும் உன் வேலை இல்லை. அதற்கென்று படித்த ஆள் இருக்கிறார்கள், காசு கொடுத்துக் கூப்பிடு. இதில் மட்டும் அம்மா சொல்வதைக் கேள்.

சனிக்கிழமை கை ரொம்ப அரித்தால் ஷெட்டைச் சுத்தம் பண்ணு, கத்தரியைத் தீட்டி எண்ணெய் போடு. குளிர் ஒடிந்ததும் ஆப்பிள் மொட்டைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். லைலாக் பூத்தால் ஒரு கொத்து வெட்டி உள்ளே வை, அந்த ஜன்னல் பக்கமாக வீடியோ கால் போடு. வாசனை வராது, தெரியும். இருந்தாலும் போடு.

அம்மா