வலது கால்

அன்புள்ள மகளுக்கு,

தம்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பதவி உயர்வுக்கு எல்லாரும் கை தட்டுகிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் நீ மேடையிலிருந்து இறங்கியதைத்தான் நான்கு தடவை பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் இறக்கி, இடது காலை அதன் பக்கத்தில் சேர்த்த பிறகே அடுத்த படி. நோகிற காலைத்தான் அப்படி முதலில் இறக்குவார்கள். போனில் "வேலை அதிகம்" என்கிறாய். சரி.

கணுக்காலில் வெளிப்பக்கம் மூன்று ஜவ்வுகள். பாதம் உள்பக்கம் மடங்கினால் முன்னால் இருப்பதுதான் முதலில் கிழியும். உள்பக்க ஜவ்வு முரடு. அது கிழிவதற்குள் சில சமயம் எலும்பே பெயர்ந்துவிடும். நடுவில் டாலஸ் எலும்பு. ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்காது. அக்கம்பக்கத்து எலும்புகள் தள்ளுகிற பக்கம் அது நகரும். (நம் இருவருக்கும் நடுவில் உன் அம்மா பட்ட பாடு.) அதன் முன்பாகம் அகலம், பின்பாகம் குறுகல். விரல் நுனியைக் கீழே நீட்டும்போது குறுகலான பாகம் மேலே கால் எலும்புகள் சேர்ந்த குழிக்குள் வருவதால் மூட்டு தளர்ந்துவிடும். ஆகவே குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். படியில் கைப்பிடியை விடாதே.

ஜவ்வு கிழிந்தால், பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கும். வலி போன பிறகும் கால் திரும்பத் திரும்பப் பிசகுவது அதனால்தான். வலி அடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகு. பிறகு சுவரை விட்டு. சோம்பல்படாமல் தினமும் நில். செருப்பையும் மாற்று.

இருபத்தெட்டு வருஷம் இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். அந்த ரிலே நாளில் உன் வெளிக்கணுவுக்கு முன்னால் வீங்கியிருந்த இடத்தை அழுத்தினேன். நீ உதட்டைக் கடித்தாய். "சுளுக்குதான், ஓடு" என்றேன். தெரியாமல் சொல்லவில்லை, கண்ணு. வேறு பிள்ளையாக இருந்தால் உட்கார வைத்திருப்பேன். கடைசிச் சுற்று உன்னுடையது, கோப்பை நம் பள்ளிக்கு வரவேண்டும். வந்தது. அதன்பின் எத்தனை தடவை அந்தக் கால் பிசகியது என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

டாக்டரிடம் போனாயா என்று இப்போதும் கேட்கவில்லை. அதே கால்தானா என்று மட்டும் எழுது.

அப்பா