கட்டுரைப் போட்டி இருக்கட்டும், வலையைக் கட்டுங்கள்

நீலகிரியில் திருச்சபைகளுக்கிடையே வாலிபர் வாலிபால் போட்டி நடத்தும் குழுவின் ஆயர்களுக்கும் பெரியவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

இந்த வருஷம் வாலிபால் கிடையாது, பதிலாக வேத வினாடி வினாவும் ‘நீடிய பொறுமை’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டியும் நடக்கும் என்று உங்கள் சுற்றறிக்கை வந்திருக்கிறது. போன ஃபைனலில் நடந்த தள்ளுமுள்ளுதான் காரணம் என்பது மலை முழுக்கத் தெரியும். நானும் அன்றைக்கு ஸ்கோர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் கை ஓங்கியது தப்பு, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பொறுமை இழந்த பிள்ளைகளைப் பொறுமை பழகுகிற இடத்திலிருந்தே விலக்கிவிட்டு, அதைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொல்வது எந்த ஊர் வைத்தியம்? கட்டுரை நன்றாகவே எழுதுவார்கள். கலாத்தியர் 5:22, ரோமர் 5:3-4, யாக்கோபு 5:7 எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறவன்தான் அடிதடியிலும் முதல் ஆள்.

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் சபையில் சாயங்கால நேரம் பையன்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். (பெண் பிள்ளைகளுக்கும்தான். உங்கள் போட்டியில் அவர்களுக்கு இன்னும் இடமே இல்லை என்பது தனிக் கதை.)

நம் மலையில் ஃபுட்பாலுக்குச் சமதளம் தேடினால் கால் வலிதான் மிச்சம். வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு மேடை வெட்டினால் போதும். ஆனால் கோட்டைத் தாண்டிய பந்து நேராகத் தேயிலைக்குள் போய்விடும். கவாத்து வெட்டின காடாக இருந்தால் குச்சி பந்தைக் கிழித்துவிடும், மழை நாளாக இருந்தால் அட்டை கடிக்கும். எடுக்க இறங்கினவன் மேலே ஏறி வரும்வரை மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டியதுதான். முன்பெல்லாம் இருப்பதிலேயே சின்னப் பையனைத்தான் விரட்டுவார்கள். இப்போது, அடித்தவனே இறங்க வேண்டும் என்பது எங்கள் கோர்ட்டின் சட்டம். அதற்கு அப்புறம் கண்மண் தெரியாமல் ஸ்மாஷ் அடிப்பது தானாகக் குறைந்துவிட்டது. மேகம் இறங்கி எதிர்ப்பக்கம் மறைந்துவிட்டால் ஆட்டமே நிற்கும். எதிரணிக்காரனோடு ஒரே தார்ப்பாய்க்குள் நின்று வர்க்கி தின்ன வேண்டியதுதான், வேறு வழி?

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் குழு யோசிக்க வேண்டும். 1895-இல் அமெரிக்காவில் ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில், அதாவது கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில், வில்லியம் மார்கன் உண்டாக்கியது. அதற்கு நாலு வருஷம் முன்பு இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்த பாஸ்கெட்பால் கொஞ்சம் முரட்டு ஆட்டமாகத் தெரிந்ததால், ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஆட நடுவில் வலை கட்டினார். நம் பக்கத்தில் பி.டி. வாத்தியார் என்ற இனமே பெருகியது 1920-இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியால்தான். ஆக, வெளியிலிருந்து சபைக்குள் நுழைந்த கெட்ட பழக்கம் மாதிரி இதைப் பேச வேண்டாம்.

விதிகளைப் பாருங்கள். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, ஒருவனே இரண்டு தடவை அடுத்தடுத்துத் தொட முடியாது, மூன்று தொடுதலுக்குள் அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஸ்மாஷராக இருந்தாலும் சுற்று வரும்போது பின்வரிசைக்குப் போயே ஆக வேண்டும். அங்கிருந்து மூன்று மீட்டர் கோட்டைத் தாண்டி வந்து, வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்க அனுமதி இல்லை. மறுபடி முறை வரும்வரை குனிந்து பந்து எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

எங்கள் அணியில் ஒரு பையன், மகா கோபக்காரன். அவனை ஸ்மாஷர் இடத்திலிருந்து எடுத்து லிஃப்டராகப் போட்டேன். லிஃப்டருக்குக் கைதட்டல் கிடையாது. கோணலாக வந்த பாஸையும் ஓடிப்போய் நேராகத் தூக்கிக் கொடுக்க வேண்டும், பாயின்ட் வந்தால் பேர் அடிப்பவனுக்கு. முதலில் மோசமான பாஸ் வந்தால் பந்தைக் கீழே விட்டுவிட்டு, கொடுத்தவனை முறைத்துக்கொண்டு நிற்பான். இன்றைக்கும் முறைக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு முறைக்கிறான்.

எரிக் லிடெல் பெயரை நீங்களே பிரசங்கத்தில் சொல்லியிருப்பீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டர் ஓட மறுத்து, 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். அப்புறம் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார், கடைசியில் ஜப்பானியரின் வெய்ஷியன் முகாமில் அடைபட்டு 1945-இல் அங்கேயே இறந்தார். அந்த முகாமில் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடி, அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல்லே விசிலோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவர், பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை நடுவராக நின்றிருக்கிறார். பிரசங்கத்தில் இந்தப் பாதி ஏனோ வருவதில்லை.

நம் ஃபைனலில் நடுவர் யார்? போட்டியை நடத்திய சபையின் கமிட்டி உறுப்பினர். கோட்டில் விழுந்ததா இல்லையா என்று தகராறு வந்ததும் முதலில் உள்ளே இறங்கியது யார்? பையன்கள் இல்லை, வேட்டியை மடித்துக் கட்டின பெரியவர்கள். அவர்கள் கத்தின கத்தலுக்கு அப்புறம்தான் பையன்கள் கை ஓங்கினார்கள். தண்டனை மட்டும் பையன்களுக்கு. நம் மலையில் கேத்தி ஊருக்கு வந்த பாசல் மிஷனரிகள், இங்குள்ள படகர் இனத்தில் முதல் ஞானஸ்நானத்தைப் பார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நாம் ஒரு ஃபைனல் கெட்டதும் கடையைக் கட்டுகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாக் அவுட் வேண்டாம், லீக் வையுங்கள். கூடலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த அணி ஒரே ஆட்டத்தில் தோற்றுத் திரும்பினால், அந்தப் பையன் அன்றைக்குக் கற்றுக்கொள்வது ஆத்திரத்தை மட்டும்தான். லீக் என்றால் தோற்ற பிறகும் அடுத்த ஆட்டத்துக்குத் தலை நிமிர்ந்து வர வேண்டும். நடுவர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரட்டும், அவரிடம் கேப்டன் மட்டும் பேசட்டும். அது ஏற்கெனவே விதியில் இருப்பதுதான். பெரியவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து தள்ளிக் கயிறு கட்டுங்கள். கயிற்றைத் தாண்டினால் அந்தச் சபை அணிக்கு ஒரு பாயின்ட் குறையட்டும், அப்போது பிள்ளைகளே அப்பாவை உட்கார வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. அணிகளின் பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்பே எல்லாச் சபைக்கும் அனுப்புங்கள். எங்கள் பையன்கள் இப்போதே பழகுவது இது: ஒவ்வொருவனும் எதிரணியில் ஒருவன் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். அவனுடைய பரீட்சைக்காக, அவன் வீட்டுக்காக, எதற்காகவாவது. காலையில் பெயர் சொல்லி ஜெபித்தவனின் சட்டையைச் சாயங்காலம் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். முடியவே முடியாது என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

தேதிக்கு மே வேண்டாம், சீசன் நெரிசலில் வண்டி மேலே ஏறாது. பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு, தரையும் காய்ந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் விளையாட்டா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். கட்டுரைப் போட்டியை மழை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள், விடைத்தாளை நானே திருத்தித் தருகிறேன். எங்கள் வலை நைந்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டும். அதனால் அடுத்த கமிட்டிக்குள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

கர்த்தருக்குள்,
ஓய்வு பெற்ற ஒரு பி.டி. டீச்சர்,
கோத்தகிரி