மேலில் சிவந்ததெல்லாம் அம்மை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை, ஸ்கார்லெட் காய்ச்சலை ‘வெளிநாடுகளில் பரவும் புதிய வைரஸ் காய்ச்சல்’ என்று குறிப்பிட்டிருந்தது. அது வைரஸ் காய்ச்சலும் அன்று, புதியதும் அன்று. இதைச் சொல்ல எனக்கு மருத்துவப் பட்டம் எதுவும் இல்லை. 2022 டிசம்பரில் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஆறு வயதுப் பேரனுக்கு இந்தக் காய்ச்சல் வந்ததை உடனிருந்து பார்த்தவள், அதன்பின் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் நாள் தொண்டை வலிக்கிறது, சோறு வேண்டாம் என்றான். மறுநாள் காய்ச்சலோடு மார்பிலும் வயிற்றிலும் பொரிப்பொரியாகக் கிளம்பியது. நம் பிள்ளைகளின் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. கையால் தடவியபோதுதான் தச்சர் தேய்க்கும் உப்புத்தாளைப் போலச் சொரசொரவென்று பட்டது. நான் உடனே மணல்வாரி (தட்டம்மை) என்று முடிவுகட்டி, இந்த ஊரில் வேப்பிலை எங்கே கிடைக்கும் என்று மகளிடம் கேட்டேன். மருத்துவரோ நாக்கை நீட்டச் சொன்னார். வெண்படலத்தின் நடுவே சிவப்பு முட்கள் எழும்பி, ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேற்புறம் போலவே இருந்தது. மணல்வாரி என்றால் இருமலும் மூக்கொழுகலும் கண்சிவப்பும் முன்னால் வரும், தடிப்பு காதோரத்திலும் முகத்திலும் தொடங்கும். இதில் தொண்டைதான் முதலில் என்று விளக்கினார்.

நோய்க்குக் காரணம் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ்’ என்ற பாக்டீரியா. பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தொண்டைப் புண்ணை உண்டாக்குகிற அதே கிருமிதான். ஆனால் அதன் எல்லா வகையும் தடிப்பைத் தருவதில்லை. பாக்டீரியாவையே தொற்றும் ஒருவகை வைரஸ், நச்சுப் புரதத்துக்கான மரபணுவை எவற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டதோ அவையே அந்த நச்சைச் சுரந்து உடம்பெங்கும் தடிப்பை உண்டாக்குகின்றன. (கட்டுரையாளர் சொன்ன வைரஸுக்கு இதில் உள்ள பங்கு இவ்வளவுதான்.) இருமல், தும்மல் துளிகளாலும் எச்சில் பட்ட தம்ளர், கரண்டிகளாலும் பரவி, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்களில் காய்ச்சலாக வெளிப்படுகிறது.

‘புதிய’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 1856ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், இங்கிலாந்தின் கார்லைல் நகரத் தேவாலயத் தலைவராக இருந்து பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஆர்ச்சிபால்ட் டெய்ட், ஐந்தே வாரங்களுக்குள் தம் ஐந்து பெண் குழந்தைகளை இந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதால்தான் அங்கே எண்ணிக்கை தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் வெகுவாகத் தணிந்திருந்த இந்நோய் 2014இல் திடீரென்று மூன்று மடங்கானது. 2016இல் இங்கிலாந்தில் மட்டும் 19,000க்கு மேற்பட்டோருக்கு வந்தது, 1967க்குப் பின் அதுவே மிக அதிகம். பேரன் படுத்திருந்த 2022–23 பருவத்தில் அது 50,000த்தையும் தாண்டியது. நச்சை ஒன்பது மடங்கு கூடுதலாகச் சுரக்கும் ஓர் உட்பிரிவை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தார்கள் என்றாலும், பழியை முழுக்க அதன் தலையில் கட்டிவிட முடியாது. 2014இல் பரவியவை பல வகைகள். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் பள்ளிக்குத் திரும்பியதும் பின்னாளைய பெருக்கத்துக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்குகிறது. மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆனால் பிள்ளை பள்ளிக்கே போகலாம். மருந்தில்லாமல் விட்டால் இரண்டு மூன்று வாரம் வரை பிறருக்குத் தொற்றும். அந்த டிசம்பரில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, மருமகன் நான்கு கடை ஏறி இறங்கித்தான் வாங்கி வந்தார். மூன்றாம் நாளே பிள்ளை விளையாடத் தொடங்கிவிட்டான் என்பதால் நிறுத்திவிடலாமா என்று நான் கேட்க, பத்து நாளும் கொடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதாக மகள் மறுத்துவிட்டாள். அரைகுறையாக விட்டால் சில வாரங்கள் கழித்து வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். அந்த இதய நோய் நம் நாட்டில் இன்றும் ஏழைப் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. மேலில் எது கிளம்பினாலும் அம்மை என்று தலைமாட்டில் வேப்பிலை வைத்து, ஊசி மருந்தே கூடாது என்று இருந்துவிடும் வீடுகளில் நானும் வளர்ந்தவள்தான்.

ஆகவே, கட்டுரையில் ‘வைரஸ்’ என்றிருப்பதை ‘பாக்டீரியா’ என்று திருத்தி, தொண்டை வலியோடு காய்ச்சலும் சொரசொரப்பான தடிப்பும் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.