உங்கள் பலகையில் இருக்கும் சிவப்புச் சிலுவை: கொழும்பு கிளினிக், பாமசி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உரிமையாளர்களுக்கும், அவர்களுக்குப் பலகை அடித்துக் கொடுக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கிளினிக். பெயர் வேண்டாம். வாசலுக்கு மேலே உள்ளே லைட் எரியும் வெள்ளைப் பெட்டி. அதில் பெரிய சிவப்புச் சிலுவை. பக்கத்தில் சிறகு வைத்த கோலைச் சுற்றி இரண்டு பாம்புகள். கீழே மூன்று மொழியிலும் ஈசிஜி, இரத்தப் பரிசோதனை. கொட்டாஞ்சேனையிலும் தெகிவளையிலும் இதே மாதிரிப் பலகைகள் தொங்குகின்றன.

பாம்பு விசயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கிரேக்கரின் வைத்தியக் கடவுள் அஸ்கிளீபியஸ் வைத்திருந்தது வெறும் தடி, ஒரே பாம்பு, சிறகு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்திலும் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையின் சின்னத்திலும் இருப்பது அதுதான். இரட்டைப் பாம்பு ஹெர்மிஸுடையது. அவர் வியாபாரிகளுக்கும் திருடர்களுக்கும் தெய்வம். 1902இல் அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு அதைச் சீருடையில் குத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இது இவ்வளவு பரவியது. சில கிளினிக்குகளின் பில்லைப் பார்த்தால் வியாபாரத் தெய்வம்தான் பொருத்தம் என்றும் தோன்றும். போகட்டும், அதனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

சிவப்புச் சிலுவை அப்படியில்லை. அது ஆஸ்பத்திரிக் குறியே அல்ல. போர்க்களத்தில் இராணுவ வைத்தியர்களையும் அவர்கள் பார்க்கும் காயக்காரரையும் சுடாதே என்று சொல்வதற்காக 1864இல் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட அடையாளம். சுவிஸ் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டது, மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இராணுவ டொக்டர் இடது கையில் கட்டும் பட்டியில் இந்தக் குறியும் இராணுவத்தின் முத்திரையும் இருக்க வேண்டும் என்கிறது 1949 ஜெனீவா உடன்படிக்கை. அவர் துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் தன்னையும் தன் நோயாளியையும் காப்பதற்கு மட்டும். எதிரியிடம் அகப்பட்டால் அவர் போர்க்கைதி ஆகமாட்டார். கைதிகளுக்கு வைத்தியம் பார்க்கத் தேவைப்பட்டால் மட்டுமே அவரை நிறுத்தி வைக்கலாம். எதிரியின் காயத்துக்கும் அவர் மருந்து கட்டியாக வேண்டும். வெடிச் சத்தத்துக்கு நடுவே இதையெல்லாம் அவர் செய்வது ஒரு துணிப்பட்டியை நம்பி.

நம் ஆட்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? 2009இல், போரின் கடைசி மாதங்களில், வன்னியின் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரை ஏற்றிப்போன கப்பல் இந்தக் குறியின் கீழ்தான் வந்து போனது. இதே குறி தெளிவாகப் போட்டிருந்த வன்னி வைத்தியசாலைகள் மீதும் ஷெல் விழுந்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. குறி போட்டும் அடித்தார்களே, பிறகு அதற்கு என்ன மரியாதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அடித்தது குற்றம் என்று இன்றைக்கும் நாம் வாதாட முடிவது அந்தக் குறிக்கு ஒரு அர்த்தம் இருப்பதால்தான். சின்ன வயதிலிருந்து பனடோல் வாங்கப் போன கடையில் பார்த்துப் பழகிய குறியைக் கண்டு, நாளைக்கு ஒரு சிப்பாய் விசையிலிருந்து விரலை எடுப்பானா?

அப்புறம் சட்டம். இலங்கை இந்த உடன்படிக்கைகளை 1959இல் ஏற்றுக்கொண்டது. 2006இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. சமாதான காலத்தில் இராணுவ மருத்துவப் பிரிவும் செஞ்சிலுவை அமைப்புகளும் தவிர, செஞ்சிலுவைச் சங்கத்தின் அனுமதி பெற்ற அம்புலன்சும், காசு வாங்காமல் சிகிச்சை தரும் முதலுதவி நிலையமும் இதைப் போடலாம் என்கிறது உடன்படிக்கை. நீங்கள் காசு வாங்குகிறீர்களா இல்லையா என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. முதலுதவிக்கு உலகம் முழுக்கப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது. பாமசிக்குப் பச்சைச் சிலுவை, இல்லையென்றால் கிண்ணத்தைச் சுற்றிய பாம்பு. பாடசாலை முதலுதவிப் பெட்டிக்கும் பச்சையே போதும். பலகை அடிக்கும் தம்பிமாரே, கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அந்த ரெடிமேட் டிசைனை அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாளைக்கே கழற்றுங்கள் என்று கேட்கவில்லை. கடற்காற்றில் காலி வீதிப் பலகைகள் எப்படியும் வெளிறிப்போகும். அடுத்த முறை மாற்றும்போது பச்சையில் அடியுங்கள். சந்தேகம் இருந்தால் கொழும்பு 7, தர்மபால மாவத்தையில் இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவர்