பெயரைக் கேட்டு வாங்கு

பாம்பன்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டுக் கிடக்கின்றன. நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை. அப்பா நாள் தவறாமல் போய்வருகிறார். முழங்கால் வலி என்று வாயால் சொல்வதில்லை, படியேறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். சித்தி வீட்டிலிருந்து குண்டு மிளகாய் வந்தது. உன் பங்கைக் காயவைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். புதிய பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஏப்ரலில். நீ இன்னும் ஒருமுறைகூட அதில் வரவில்லை.

போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்கிறாய். சாப்பிட்டாயா என்றாலும் ‘ம்’, வேலை எப்படி இருக்கிறது என்றாலும் ‘ம்’. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கண்விழித்து எழுதாதே. அந்த நேரத்தில் எழுதுவதைக் காலையில் படித்துப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதே.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. கணினி அறிவியலில் என் பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு இன்னும் சி++தான், பன்னிரண்டுக்குப் பைத்தான். நீயும் தங்கச்சிமடத்து மாமா மகளும் முன்வரிசையில் உட்கார்ந்து படித்தபோது பன்னிரண்டுக்கும் சி++தான். ஆண்டு தவறாமல் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, “எது டீச்சர் நல்ல மொழி?” என்று கேட்கும். இந்த ஆண்டு ஒரு பையன் கேட்டபோது கைடோ வான் ரோசம் கதையைச் சொன்னேன். பைத்தானைப் படைத்தவர். ஒரு கணக்கு வரியின் நடுவிலேயே மதிப்பை இருத்திக்கொள்ள ‘:=’ என்ற குறியீட்டைச் சேர்க்கலாமா கூடாதா என்று அவருடைய சகாக்களுக்குள் சண்டை. சேர்க்கலாம் என்று முடிவு செய்தார். ஆனால் 2018 ஜூலையில், ஒரு மாற்றத்துக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேருடைய வெறுப்பையும் வாங்கிக்கொள்ள இனி என்னால் ஆகாது என்று எழுதிவைத்துவிட்டுத் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார். நீ கல்லூரியில் சேர்ந்த சமயம் அது. அடுத்த ஆண்டு 3.8 பதிப்பில் அந்தக் குறியீடு வந்தது, இன்றும் இருக்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டு வழிநடத்திய மனிதர்தான் அந்தப் பொறுப்பில் இல்லை.

எழுதிக்கொண்டே வரும்போது இன்னொரு இரவு நினைவுக்கு வருகிறது. 2021 ஏப்ரல் 5. மறுநாள் சட்டமன்றத் தேர்தல். எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பணி போட்டிருந்தார்கள். கொரோனா காலம், வாக்குப்பதிவு இயந்திரத்தோடு முகக்கவசமும் கையுறையும் சானிடைசரும் வந்து இறங்கியிருந்தன. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்கப் போகும்போது நீ போன் செய்தாய். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். “அம்மா, கூகுள் ஜெயித்துவிட்டது, ஆறுக்கு இரண்டு!” என்று கத்தினாய்.

அந்த இரவு நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் மீது வழக்குப் போட்டது. ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் உள்நிரலைத் தானே எழுதிக்கொண்டது. ஆனால் ஜாவா தெரிந்தவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிராதபடி செயற்கூறுகளின், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் நிரல் துண்டுகளின், பெயர்களையும் அவற்றை அடுக்கிய ஒழுங்கையும் அப்படியே வைத்துக்கொண்டது. மொத்தம் 11,500 வரி. ஜாவாவின் அந்தப் பகுதி முழுவதும் 28 லட்சத்து 60 ஆயிரம் வரி. அதில் இது 0.4 சதவீதம். 2012இல் நீதிபதி அல்சப் இதற்குப் பதிப்புரிமையே கிடையாது என்றார். 2014இல் மேல்முறையீட்டில் உண்டு என்றார்கள். 2016இல் நடுவர் குழு இது நியாயமான பயன்பாடுதான் என்றது. 2018இல் மறுபடியும் மாற்றினார்கள். கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம். தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரையர், இந்தப் பெயர் வரிகளைத் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகைக்கு ஒப்பிட்டிருந்தார் என்று நீ படித்துக் காட்டினாய். லோயரும் ஹையரும் முடித்துவிட்டுத்தான் நான் கணினிக்கு வந்தேன் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது. விரல் பழகிய இடத்தை மாற்றினால், பழகியவர்கள் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமஸ் என்ற நீதிபதி மறுத்து எழுதியதையும் நான் கேட்டேன். பெயரை யோசித்து அடுக்குவதும் உழைப்பு இல்லையா என்று அப்போது உன்னிடம் வாதாடினேன். நீ விடவில்லை. “பெயர் பொது அம்மா. உள்ளே எழுதுவதுதான் அவரவர் உழைப்பு” என்றாய். பக்கத்து அறையில் படுத்திருந்த தலைமையாசிரியை எழுந்துவந்து பார்க்கும் அளவுக்கு நாம் பேசிக்கொண்டிருந்தோம். இருபது வயதில் என் மகள் ஒரு வழக்கை இப்படிப் பிரித்து வைக்கிறாளே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் நாள் முழுக்க அந்தப் பெருமையோடுதான் விரலில் மை வைத்தேன்.

இனியும் சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மாலை தங்கச்சிமடத்து மாமா வந்தார். அப்பா ஏலக்கூடத்திலிருந்து திரும்பவில்லை. வழக்கம்போல் உள்ளே வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்தார். சட்டைப்பைக்குள் நாலாக மடித்த உறை. பதிவுத் தபாலில் வந்ததாம். “இங்கிலீஷில் இருக்கிறது டீச்சர், மகளிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்று வாங்கி வைத்துக்கொள்கிறாள். நீங்கள் படித்துச் சொல்லுங்கள்” என்றார். கடன் நோட்டீஸ், டோக்கன் நோட்டீஸ், மீன்துறைக் கடிதம் என்று இந்தத் திண்ணையில் எத்தனையோ படித்துச் சொல்லியிருக்கிறேன். அதுபோல்தான் இதையும் பிரித்தேன். ‘எமது கட்சிக்காரர்’ என்று தொடங்கி அடுத்ததாக உன் பெயர். அதற்கும் அடுத்து, ‘இன்னாரின் மகள்’ என்று அப்பாவின் பெயர்.

அதைப் படிக்காமல் தாண்டிப் போக எனக்கு வழியில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் தமிழில் சொன்னேன். உன் நிரலின் பெயர்களையும் வரிசையையும் அவர் மகள் எடுத்துக்கொண்டாள் என்பதையும் சொன்னேன். பத்து லட்சம் ரூபாய் என்பதையும் சொன்னேன், பதினைந்து நாள் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இதற்கு ராமநாதபுரத்துக்குப் போக வேண்டுமா டீச்சர், மதுரைக்கா?” என்று மட்டும் கேட்டார். பிறகு உறையை அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தேநீர் ஆறிக் கிடந்தது.

மறுநாள் பள்ளிக்கூட லேபைத் திறக்கச் சொல்லி, உன் நிரலையும் அவள் நிரலையும் இரண்டு கணினிகளில் வைத்து வரிவரியாகப் படித்தேன். உன் தாயாகப் படிக்கவில்லை, விடைத்தாள் திருத்துகிறவளாகத்தான் படித்தேன். சி மொழியில் நீ எழுதிய நிரல் அழகாக இருக்கிறது. ஐதராபாத் கடல் தகவல் மையத்திலிருந்து வரும் அலை உயரத்தையும் காற்றின் திசையையும் எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்து, தமிழில் குரலாக்கி அனுப்ப இவ்வளவு குறைந்த வரிகளா என்று வியந்தேன். பழைய போனிலும் அது ஓடுகிறது. அவள் ரஸ்ட் மொழியில் எழுதியது நீளம். செயற்கூறுகளின் பெயர்களும் வரிசையும் உன்னுடையவை, உள்ளே இருப்பது முழுக்க அவளுடையது. ஒரு வரிகூட உன்னைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. பெயர்களை ஏன் மாற்றவில்லை என்றால், மாற்றியிருந்தால் ஏற்கெனவே போனில் வைத்திருக்கும் படகுக்காரர்கள் எல்லோருக்கும் சேதி நின்றுபோயிருக்கும். இது உனக்குத் தெரியாதா? அந்த இரவு எனக்குப் பாடம் எடுத்தவள் நீதானே?

வடகடல், தென்கடல், வாடை, கச்சான், சோளகம், கொண்டல் என்று கடலுக்கும் காற்றுக்கும் நம் ஊர் சொல்லும் பெயர்களையே செயற்கூறுகளுக்கு வைத்தாய். அவற்றை அப்பாவும் மாமாவும் சொல்லச் சொல்ல நீங்கள் இருவரும் சேர்ந்து நோட்டில் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு இங்கேதான் இருக்கிறது. பாதி உன் கையெழுத்து, பாதி அவள் கையெழுத்து.

மொழிச் சண்டை எங்கே தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரை எழுதிவைக்க 32 பைட் அணி, அதாவது அளவு மாறாத ஓர் இடம், வைத்திருந்தாய். யூனிகோடு தமிழில் எழுத்து, கால், புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். பாம்பனுக்கு 21 போதும். ராமேஸ்வரத்துக்கு 30. தங்கச்சிமடத்துக்கு 36 வேண்டும். அணி வழிந்து நிரல் பாதியில் நின்றது. அந்த இரவு கள்ளக்கடல் எச்சரிக்கை, தூரக் கடலிலிருந்து திடீரென வந்து எழும் அலைக்கான எச்சரிக்கை, பாம்பனுக்கு வந்தது, அப்பா கரையில் நின்றுவிட்டார். தங்கச்சிமடத்துக்குச் சேதி வரவில்லை. வராததையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு மாமா போய்விட்டார். மறுநாள் மதியம்தான் கரை சேர்ந்தார். அதுவரை அவள் எப்படி நின்றிருப்பாள் என்று நினைத்துப் பார். நீ 32ஐ 128 ஆக்கினாய், ஐந்து நிமிட வேலை. “இதற்குப் போய் மொழியையே மாற்றுவார்களா?” என்று கேட்டாய். இன்று ஊர்ப் பெயர், நாளை வேறொன்று என்று அவள் நினைத்தாள். இப்படி வழிய விடாத ரஸ்ட்டுக்கு மாறினாள். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புக் குறைகளில் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று 2019இல் சொன்னதும், லினக்ஸ் கருநிரலே 2022 டிசம்பரில் ரஸ்ட்டை உள்ளே விட்டதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சி தெரிந்த கையில் சி பழுதில்லை என்று நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவள் பக்கம். உன் அம்மா என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இப்போது உன் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். அவள் நிரலின் முதல் கோப்பில் எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. உன் பெயர் இல்லை. அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நோட்டீஸில் பத்து லட்சம் என்று போட்டிருக்கிறாயே தவிர, உனக்கு வலித்தது இதுதான், இல்லையா? அது தவறு. நீங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஜிபிஎல் உரிமம் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பரப்பலாம் என்கிறது. முன்னே எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்க அது அனுமதிக்கவில்லை. புதிதாக எழுதியதற்கு அந்த விதி பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அந்தச் செயற்கூறுகளுக்கும் வரிசைக்கும் உன் உழைப்பு இருக்கும்போது உன் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே பெயரைக் கேள். பணத்தை ஏன் கேட்டாய்? அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டாது, இங்கே 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிரலை இலக்கியப் படைப்பாகவே வைத்திருக்கிறது என்று உன் வக்கீல் சொல்லியிருப்பார். சரிதான். ஆனால் அந்தப் பெரிய வழக்கே என்ன ஆனது? ஏறக்குறையப் பதினோரு ஆண்டு நடத்தினார்கள். இந்தப் பெயர் வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் கடைசிவரை பதில் சொல்லவில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்று முடித்துவிட்டது. லினக்ஸில் தன் நிரல் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டதே, 2007இல் அதுவே திவால் மனு கொடுத்தது. 2021இல் சமரசமாகக் கைக்கு வந்தது ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு. அவர்களிடம் பணமும் பதினெட்டு ஆண்டும் இருந்தன. மாமாவிடம் ஒரு வல்லம்தான் இருக்கிறது.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அது நீ கேட்க வேண்டியது. நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக வக்கீலை எழுதச் சொல். பிறகு நீயே அவளுக்குப் போன் செய். இரவில் வேண்டாம், காலையில் பேசு. மொழியைப் பற்றி எடுக்காதே. “என் பெயரை ஏன் போடவில்லை?” என்று கேள், கோபமாகவே வேண்டுமானாலும் கேள், ஆனால் நேராகக் கேள். எடுக்கவில்லை என்றால் மறுநாளும் செய்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. மாமாவும் சொல்லவில்லை, நேற்றும் இருவரும் ஏலக்கூடத்தில் ஒன்றாகத்தான் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து பதில் எழுத வருவதாக மாமா சொல்லியிருக்கிறார். வேறு யாரிடம் போய் எழுதுவார்? உன் நோட்டீஸுக்கு எதிராக இந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் பதில் எழுத வேண்டியிருக்கும். கேட்டால் எழுதிக் கொடுப்பேன், மறுக்க மாட்டேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்குள் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை இரவுக்குள் எனக்குப் போன் செய்.

அம்மா